பழனியாத்தாள் தொட்ட ரொட்டி

வெள்ளிக்கிழமை காலை வகுப்பறைக் கதவைத் திறந்தவுடன் நந்திதாவின் கண்ணில் பட்டது அந்த ஐந்தாவது கவர்தான்.

ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில், துணிக்குப் போடும் கிளிப்பை மாட்டி, ஐந்து பிளாஸ்டிக் கவர்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் அந்தியூர் பேக்கரியில் வாங்கிய ரொட்டி, ஒரு துண்டு. நேற்று மாலை பூட்டும்போது ஐந்தும் வெள்ளையாகத்தான் இருந்தன. இப்போது நான்கு வெள்ளை. ஐந்தாவதில் பச்சையும் கருப்புமாகப் பூசணம். அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. நான்கு விரல்கள் பதிந்த இடம் அப்படியே தெரிந்தது. யாரோ ரொட்டிக்கு உள்ளேயிருந்து கையை வெளியே நீட்டப் பார்ப்பதுபோல.

கவரின் மேல் மார்க்கரில் பெயர் எழுதியிருந்தது. எழுதியது நந்திதாவேதான். பழனியாத்தாள்.

ஊஞ்சக்காட்டுப்பாளையம் தொடக்கப் பள்ளியில் இரண்டு வகுப்பறை, ஒரு நீள வராண்டா, பின்னால் ஒரு சமையலறை. ஆசிரியர்களும் இரண்டே பேர். தலைமை ஆசிரியர் தனபால், அப்புறம் நந்திதா. நிலபுலன் உள்ள தோட்டத்து வீட்டுப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் பாதிக்குப் பாதி. பெருந்துறையிலிருந்து பஸ் மாறி வருகிற நந்திதாவின் பையில் எப்போதும் ஏதாவது இருக்கும். பலூன், ஊசி, எலுமிச்சை, காலி பாட்டில், மஞ்சள் தடவிய காகிதம். கவிழ்த்த டம்ளரிலிருந்து தண்ணீர் கொட்டாமல் நின்றபோது மூன்றாம் வகுப்பு முழுவதும் பெஞ்சின் மேல் ஏறி நின்றது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் அத்தனை தூரம் வந்துபோனாள் என்றுகூடச் சொல்லலாம்.

திங்கட்கிழமை கை கழுவுகிற பாடம். ரொட்டியை வைத்துச் செய்வது எளிது. ஒரு துண்டை யாரும் தொடக்கூடாது, இடுக்கியால் எடுத்துக் கவரில் போட வேண்டும். ஒன்றை, மண்ணில் விளையாடிவிட்டு வந்த கை தொட வேண்டும். அதற்கு ரவிதேஜா ஓடி வந்தான். வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்த கைக்குக் கனிஷ்கா. சானிடைசர் போட்ட கைக்கு நந்திதா. சோப்புப் போட்டுக் கழுவிய கைக்கு யார் என்று கேட்டபோது, கனிஷ்காதான் எழுந்து சொன்னாள்.

"சமைக்கிற ஆயா கைய வெக்கலாங் டீச்சர். அதுதான சுத்தமா இருக்கோணும்."

நல்ல யோசனை என்று நந்திதாவுக்குப் பட்டது. பட்டது மட்டுமல்ல, உள்ளுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. போன ஆடியில் காலனியிலிருந்து பழனியாத்தாள் சமையல் வேலைக்கு வந்த நாளிலிருந்தே தோட்டத்து வீடுகளில் ஒரு முணுமுணுப்பு. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சட்டம் தெரிந்தவர்கள். பிள்ளைகளிடம் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பினார்கள், அவ்வளவுதான். தனபால் வீடு வீடாகப் போய்ப் பேசினார். அவர் பேச்சைவிட, முட்டைக் குழம்பின் வாசனை நன்றாகப் பேசியது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இப்போது அந்தக் கைதான் பள்ளியிலேயே சுத்தமான கை என்று ஒரு ரொட்டித் துண்டு சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்?

பழனியாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். தொட்டியடியில் நின்று முழங்கைவரை சோப்புப் போட்டாள். பிள்ளைகள் கூட நின்று எண்ணினார்கள். கழுவி முடித்ததும் வழக்கம்போல முந்தானையை எடுத்தாள்.

"சேலையில தொடைக்காதீங்க. அழுக்கு ஒட்டிக்கும். அப்படியே வாங்க" என்றாள் நந்திதா.

சொட்டச் சொட்ட வந்து ரொட்டியில் கையை அழுத்தினாள் பழனியாத்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அந்தக் கவரின் கிளிப்பில் நந்திதாவின் விரல் இருந்தது. எடுத்துவிடலாம். பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருக்கிறது. எலி கடித்துவிட்டது என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால், "என்ன வருதோ அதத்தான் எழுதோணும், நாம நெனச்சது எழுதக்கூடாது" என்று இதே வகுப்பில் நின்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அந்த யோசனையில் நின்ற அந்தச் சில விநாடிகள் போதுமானதாக இருந்தன.

வெளியே பைக் நின்றது. கிருபாசங்கர். கனிஷ்காவின் அப்பா. மஞ்சள் காடு, இரண்டு தறிக்கூடம், ஊரில் அவர் சொன்னால் நான்கு பேர் கேட்பார்கள். மகளின் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவர் கயிற்றை அண்ணாந்து பார்த்தார்.

"கனி சொல்லிட்டே இருந்துச்சுங்க, ரொட்டி வெச்சிருக்கோம்னு. இதுங்களா?"

"ஆமாங்க. இன்னும் முடியலீங்க. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டுத்தான்..."

அவர் அதற்குள் போனை எடுத்திருந்தார். ஒரே ஒரு படம். முகத்தில் கோபமோ சந்தோஷமோ இல்லை. வெகு மரியாதையாக, "வாரனுங் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மணி அடிப்பதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. கீழே இரண்டே வரி. நம்ம பசங்களுக்குச் சோறு போடற கை. நாங்க சொல்லலீங்க, சயின்ஸ் சொல்லுது.

* * *

மத்தியானம் வராண்டா இரண்டாகப் பிரிந்தது.

தோட்டத்து வீடுகளிலிருந்து பத்து மணிக்கே ஆளாளுக்கு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வேப்ப மரத்துப் பக்கம். மற்றவர்கள் சமையலறைப் பக்கம். நடுவில் நான்கு பேர் உட்காரக்கூடிய காலி இடம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. பழனியாத்தாள் சாதக் குண்டாவோடு வந்து, அந்தக் காலி இடத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பிப் போனாள்.

"ஏனுங் டீச்சர்" என்றார் தனபால், தன் அறையில். ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியவர். "ரொட்டி வாங்கற நேரத்துக்கு ஒரு சார்ட் வாங்கி ஒட்டியிருந்தா, கிருமியும் கம்முனு சுவத்துல இருந்திருக்கும், நாமளும் கம்முனு இருந்திருக்கலாம்."

"சார், அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே புரியல."

"உங்களுக்குப் புரியலீன்னா பரவால்லீங்க. ஊருக்குப் புரிஞ்சுபோச்சு." அவர் சிரிக்கவில்லை. "யூனியன் ஆபீசுக்கு எழுதிப்போட்டாங்க. ஆயாவ மாத்தோணுமாமா. மலை மேல ஒரு ஸ்கூல்ல எடம் காலியா இருக்குதுன்னு இப்பவே பேச்சு. அங்க போய்ட்டு வர பஸ்ஸு ஏது? போவ முடியாதுன்னு அதுவே வேலைய உட்டுரும். அதுதான் அவங்களுக்கு வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை மீட்டிங்கு. ஆபீஸ்ல இருந்து ஆள் வருது."

நந்திதாவுக்கு விடை கிடைத்தது சனிக்கிழமை, பெருந்துறையில், தன் வீட்டுச் சமையலறையில். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு உப்பு ஜாடியைத் திறக்கப் போனவளிடம், "கையத் தொடச்சிட்டு எடு கண்ணு, கெட்டுப்போயிரும்" என்றார் மாமியார் கீதா. வழக்கமாகச் சொல்வதுதான். நந்திதா ஜாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சொட்டச் சொட்ட. அப்படியே வாங்க.

மற்ற நான்கு துண்டுகளும் காய்ந்தவை. ஒன்று மட்டும் நனைந்தது. பூசணத்துக்கு வேண்டியதே ஈரம்தான். கவரை மூடியதும் உள்ளேயே அது புழுங்கியிருக்கிறது. கழுவாத கையின் கிருமி மெல்ல வளரும், நனைந்த ரொட்டியில் காற்றிலிருந்த பூசணமே ஓடி வளர்ந்துவிடும். அங்கே பூத்திருந்தது பழனியாத்தாளின் கை இல்லை. தண்ணீர். அந்தத் தண்ணீரைத் துடைக்காதே என்று சொன்னது யார் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

உடனே கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாள். இரண்டு துண்டு எடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரக் கையை ஒன்றில் பதித்தாள். மறுபடி கழுவி, சுத்தமான துணியில் துடைத்து, காய்ந்த கையை மற்றதில் பதித்தாள். இரண்டு கவர். புதன்கிழமை காலை ஈரத் துண்டில் பச்சை வந்துவிட்டது. மற்றது வெள்ளை. அவள் அந்த இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியபோது, வாரம் முழுக்க இல்லாத ஒரு வேகம் காலில் இருந்தது.

பள்ளியில் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

* * *

பழனியாத்தாள் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். நந்திதா கவர்களைக் காட்டி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஈரம், காற்று, பூசணம், தன் தப்பு. பழனியாத்தாள் மத்தை நிறுத்திவிட்டு இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப என்ற கையில ஒன்னுமில்லீங்களா?"

"ஒன்னுமே இல்லீங்க."

அவள் தலையை ஆட்டினாள். மறுபடி கடையத் தொடங்கினாள். அவ்வளவுதான். நந்திதா இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள்.

"நாளான்னிக்கு மீட்டிங்ல, எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவ செய்யலாம்னு இருக்கேன். நீங்க நல்லாத் தொடச்சிட்டு ஒரு ரொட்டியில கைய வெச்சாப் போதும். ஆபீஸ்காரங்களே கவர மூடி சீல் வெக்கட்டும். ஒரு வாரத்துல தெரிஞ்சுரும்."

"என்ன தெரியுமுங்?"

"உங்க கை சுத்தம்னு."

மத்து நின்றது.

"அது உங்களுக்கு இப்பத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்காகத்தான்..."

"மாட்டனுங் டீச்சர்." குரல் உயரவில்லை. "மொதல்ல கூப்புட்டப்ப பசங்க வெளையாட்டுன்னு வந்தன். இப்ப அது வெளையாட்டில்ல. இன்னைக்குக் கைய வெச்சா, வெள்ளையா இருந்தாச் சோறாக்கு, பச்சையா இருந்தாப் போன்னு ஆகிப்போகும். வெள்ளையாவே இருக்கட்டும். நாளைக்கு என்ற பசங்க எங்கயாச்சும் வேலைக்குப் போனா, அவங்களும் ஒவ்வொரு எடத்துலயும் ரொட்டியத் தொட்டுக் காட்டிட்டுத்தான் உள்ள போவோணுமா?"

"வேலை போயிருமுங்க" என்றாள் நந்திதா. சொல்லும்போதே அது எவ்வளவு தெரிந்த விஷயம் என்று அவளுக்கு உறைத்தது.

"போச்சுன்னா களையெடுக்கப் போறன். புதுசா?" பழனியாத்தாள் பருப்புச் சட்டியை இறக்கிவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நாளாக நாக்கில் வைத்திருந்ததைப் போலச் சொன்னாள். "ஒன்னு கேப்பன், கோவிச்சுக்காதீங்க. தெனமும் உங்க டப்பாவ நாந்தான் கழுவித் தாரன். இந்தச் சோத்த நீங்க ஒரு நா, ஒரு வாய், தின்னு பாத்திருக்கீங்களா?"

நந்திதா வாயைத் திறந்தாள். மாமியார் கட்டிக் கொடுத்துவிடுகிறார், வேண்டாமென்றால் வருத்தப்படுவார். காரம் ஒத்துக்கொள்ளாது. பிள்ளைகளுக்கு வந்த அரிசியை டீச்சர் தின்னக்கூடாது. எல்லாம் உண்மையான காரணங்கள். வரிசையாக வந்து நின்றன. ஆனால் முன்பு இருந்த சமையல்காரம்மாவின் ரசத்தைத் தனபால் புகழ்ந்த நாளில், அவளும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு? பழனியாத்தாள் வந்த பிறகு?

யோசித்துப் பார்த்தாள். காரணம் எதுவும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சாதம் கொழைஞ்சிரும், பாத்துக்கறன்" என்று பழனியாத்தாள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

* * *

வெள்ளிக்கிழமை வகுப்பறை நிறைந்திருந்தது. பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் கிருபாசங்கரும் மற்றவர்களும். இன்னொரு பக்கம், கதவை ஒட்டி, காலனியிலிருந்து நான்கைந்து பெண்களும் காளிச்சாமியும். காளிச்சாமி பழனியாத்தாளின் வீட்டுக்காரர். யூனியன் ஆபீசிலிருந்து வந்த வெங்கடலட்சுமி, காலையிலிருந்து மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்த களைப்போடு விசிறிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து தாளிக்கிற சத்தம் கேட்டது.

நந்திதா இரண்டு கவர்களையும் உயர்த்திக் காட்டினாள்.

"ரெண்டும் என்னோட கைதானுங்க. சோப்பும் ஒன்னுதான். ஒன்னுல ஈரக் கை, ஒன்னுல காஞ்ச கை. அன்னைக்கு ஆயாவ நான்தான் தொடைக்க வேண்டாம்னு சொன்னேன். தப்பு நான் செஞ்சது. பேர் அவங்களது ஆயிருச்சு."

கவர்கள் கைமாறிப் போயின. ஒரு அம்மா மூக்கைச் சுளித்தாள். கிருபாசங்கர் அவற்றை நிதானமாகப் பார்த்தார். முட்டாள் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நந்திதாவுக்குத் தெரிந்தது.

"அப்ப ஈரந்தான் காரணம்னு சொல்றீங்க. சரிங். ஒத்துக்கறன். அடுப்படியில எப்பவும் ஈரக் கையோடதானுங்க நிக்கோணும்?"

பின் பெஞ்சில் சிரிப்பு.

"உங்க ஊட்ல காஞ்ச கையிலதான் மாவு பெசையறாங்களாங்க?" என்றாள் கதவோரத்திலிருந்து ஒருத்தி. சிரிப்பு நின்றுபோனது.

"அம்மணி, நாங்க யாரு கொறச்சலும் பேசல" என்றார் கிருபாசங்கர். "சுத்தம் மட்டுந்தான் பேசறோம். டீச்சர் கை டீச்சரோடது. அது சுத்தமாத்தான் இருக்கும். ஆயா கைய வெக்கச் சொல்லுங்க. நானும் வெக்கறன், பக்கத்துலயே. ரெண்டையும் தொங்க உடுங்க. ஆயாவோடது வெள்ளையா இருந்துச்சுன்னா நானே எம்புள்ளைய பந்தியில உக்கார வெக்கறன். இதுக்கு மேல என்னங்க நாயம் வேணும்?"

வெங்கடலட்சுமி விசிறுவதை நிறுத்தினாள். "அது நல்ல யோசனைதானே, டீச்சர்? எனக்கும் எழுத வசதியா இருக்கும். ஒரு ரொட்டி, ஒரு வாரம். வெள்ளையா இருந்தா புகார் தள்ளுபடின்னு எழுதிட்டுப் போயிடறேன்."

தனபால் மேசைக்கு அடியில் நந்திதாவின் செருப்பைத் தன் காலால் தொட்டார். ஒத்துக்குங்க என்று அர்த்தம். புது ரொட்டிப் பாக்கெட் அவள் பையிலேயே இருந்தது. துடைத்த கை. காய்ந்த ரொட்டி. வெள்ளையாகத்தான் இருக்கும். அவளுக்குத் தெரியும். வேலை நிலைக்கும், டப்பாக்கள் போகும், வராண்டா மறுபடி ஒன்றாகும். சமையலறையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒருவேளை இத்தனை பேர் முன்னால் பழனியாத்தாளால் மறுக்க முடியாமலும் போகலாம்.

அந்த நினைப்பு வந்ததும் ரொட்டி இருந்த பையை இழுத்து மூடினாள்.

"வேண்டாங்க" என்றாள்.

"ஏனுங்க?"

"நான் கேட்டேன். அவங்க மாட்டேன்னுட்டாங்க. அவங்க மாட்டேன்னு சொன்னது சரிதான். இனி இந்தப் பள்ளிக்கூடத்துல அவங்க கைய யாரும் பரிசோதனைக்கு வெக்கமாட்டோமுங்க."

"பாத்தீங்களா மேடம்?" கிருபாசங்கர் வெங்கடலட்சுமியின் பக்கம் திரும்பினார். குரலில் வெற்றி இல்லை, வருத்தம் போலத்தான் இருந்தது. "நாங் கைய நீட்டிட்டுத்தானுங்க இருக்கறன்."

உண்மையாகவே அவர் கை மேசை மேல் விரிந்திருந்தது. மஞ்சள் படிந்த நகம், தறியில் பட்ட தழும்பு. கதவோரத்தில் காளிச்சாமி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

வெங்கடலட்சுமி பையை மூடினாள். "நீங்களா வாய்ப்ப உட்டுட்டீங்க, டீச்சர். நான் ரெண்டு பக்கமும் கேட்டத எழுதறேன். முடிவு மேல இருக்கறவங்களது. திங்கக்கிழமை தகவல் வரும்." வாசலில் நின்று, மெதுவாக, நந்திதாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எதுக்கும் அவங்கள மனசத் தயார் பண்ணிக்கச் சொல்லுங்க."

மணி அடித்தது.

பிள்ளைகள் வராண்டாவுக்கு ஓடினார்கள். ஓடி வந்த வேகத்திலேயே இரண்டாகப் பிரிந்தார்கள். பெற்றோர்கள் கிளம்பவில்லை. பைக்குகளில் சாய்ந்தபடி, வேப்ப மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நந்திதா தட்டு அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தாள். தொட்டியில் கழுவினாள். சமையலறைப் பக்க வரிசையின் கடைசியில், ரவிதேஜாவுக்குப் பக்கத்தில், சேலையை ஒதுக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், இது எங்க லைன்" என்றான் ரவிதேஜா.

"தெரியுமுடா. தள்ளி உக்காரு."

சாதம் வந்தது. பழனியாத்தாள் குனிந்து குனிந்து வைத்துக்கொண்டே வந்தாள். ரவிதேஜாவின் தட்டில் வைத்தாள். நந்திதாவின் தட்டுக்கு வந்ததும் கரண்டி நின்றது.

"பசங்களுக்கு மொதல்லங்க" என்றாள். "சில பேரு ரெண்டாந்தரம் கேப்பாங்க. மிச்சம் இருந்தாப் பாக்கலாம்."

கோபத்தில் சொன்னாளா, முறைக்காகச் சொன்னாளா, பழனியாத்தாளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வரிசையின் தொடக்கத்துக்கு அவள் திரும்பிப் போனாள். பைக்குகளின் பக்கம் யாரோ இருமினார்கள். எதிர் வரிசையில் கனிஷ்கா டப்பாவை மடியில் வைத்து, மூடியின் மேல் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சாப்புடு கண்ணு" என்ற அப்பாவின் குரலுக்கு அவள் நிமிரவில்லை.

நந்திதா காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாவது சுற்று தொடங்கியது. குண்டாவின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம், ஒவ்வொரு தட்டாக, அவளை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது.